ஆளுயரப் படம்

பெரியப்பாவின் படத்தில் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கவின்ராஜ் அதன் முன்னால் மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்றிருந்தார். மண்டபத்தில் பந்தி தொடங்கிவிட்டது. இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டுப் பார்த்தும் அவர் அசையவில்லை. அறுபதைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர், சட்டையில் ஒரு மடிப்பு கலைய விடமாட்டார். அப்படிப்பட்டவர் கழுத்தை நீட்டி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, எப்போதோ இறந்துபோனவரின் காது மடலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

குறை எதுவும் அகப்படவில்லை. ஆள் உயரப் படம். பெரியப்பா குணசேகரன் குடும்ப அச்சகத்தின் மொட்டைமாடியில் வேட்டி கட்டி நிற்கிறார். வேட்டிக் கரையில் ஒரு நூல் பிரிந்திருப்பது தெரிந்தது. மீசையில் நரை எது, கருப்பு எது என்று தனித்தனியாகப் பிரிக்கலாம். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் யாரையோ பார்த்து அடக்க முடியாமல் சிரித்தன. மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தக் கால்களைத் தொட்டுக் கும்பிட்டபோது, உயிருள்ள காலைத் தொட்டது போலவே இருந்தது.

பக்கத்திலேயே கவின்ராஜின் அப்பா ரவீந்திரனின் படம் இருந்தது. சாண் உயரம். எதிர்வெயிலில் எடுத்தது. முகத்தில் பாதி இருட்டு, நெஞ்சுக்குக் கீழே வெறும் கருமை. கால் இருக்கும் இடத்தைத் தேடி, மணமக்கள் ஒரு விரலால் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி, பாவம், கெட்ட எண்ணத்தில் இல்லை, சத்தமாகவே கேட்டுவிட்டாள்: "இது யாருங்க, பாஸ்போர்ட் போட்டோ மாட்டியிருக்கீங்க?"

அன்றைக்கு மாலைக்குள், கல்யாணம் நடத்திய பெரியப்பா மகன் வீட்டுப் பேரன் பேத்திகள் எல்லாருக்கும் அவர் 'பாஸ்போர்ட் தாத்தா' ஆகிவிட்டார்.

சாண் படத்தை ஏன் பெரிதாக்கவில்லை என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். இல்லாததை இட்டு நிரப்பும் இயந்திரங்கள் ஊருக்கு ஊர் வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. எந்த மங்கல் படத்தைக் கொடுத்தாலும் மலை போலப் பெரிதாக்கித் தரும். தந்ததில் எது படம், எது கற்பனை என்று யாருக்கும் தெரியாது. ஒரு குடும்பத்தில் கொள்ளுத்தாத்தாவுக்கு வாழ்நாளில் வளர்க்காத மீசை முளைத்தது. இன்னொரு குடும்பம் பத்து வருஷம் கும்பிட்ட பாட்டி, பாதிக்கு மேல் இயந்திரம் வரைந்த பொம்பளை என்று தெரிந்து பூஜையறையைப் பூட்டியது. அதற்குப் பிறகுதான் உறவின்முறைச் சங்கம் கூடி முடிவு செய்தது. கேமரா பிடித்த மெய்யான புள்ளிகள் எவ்வளவு பெரிய படத்துக்குப் போதுமோ, அவ்வளவு பெரிய படத்துக்குத்தான் ஓரத்தில் பொன்கரை, மெய்யான படம் என்பதற்கான முத்திரை. பொன்கரை உள்ள முன்னோரைத்தான் மணமக்கள் விழுந்து கும்பிடலாம். ஒரு வம்சத்து அண்ணன் தம்பி இருவர் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன்படி ஒருவர் ஆளுயரம் நிற்பதும் சாண் உயரத்தில் தொங்குவதும் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பொறுத்ததாக இல்லை. யாரோ எந்தக் கேமராவில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

அது யார் என்பதில் கவின்ராஜுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா இறந்தபோது அவருக்கு விவரம் தெரியாத வயது. அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த கதை இது: அச்சகத்துக்கென்று வாங்கிய உசத்தியான கேமராவைப் பெரியப்பா தன் கையில் வைத்துக்கொண்டார். சென்னையிலிருந்து ஆளை வரவழைத்துத் தன்னை எடுத்துக்கொண்டார். கூடப் பிறந்த தம்பியைப் போகிற போக்கில் ஒரு செல்போனில் எடுத்துத் தள்ளினார். அந்தப் படமும் உறவுக்காரர்களின் செய்திக் குழு வழியாகக் கை மாறிக் கை மாறிச் சுருங்கி, கடைசியில் மிஞ்சியது இதுதான்.

"ஏங்க, அடுத்த தை மாசம் நம்ம மக இளவேனில் கல்யாணம். அதே மண்டபம்தான்," என்றாள் அவர் மனைவி சுவேதா, வீட்டுக்குத் திரும்பும் வழியில். "இப்பவே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?"

"அந்தக் கல்யாணத்துல எங்க அப்பா பாஸ்போர்ட்டா தொங்க மாட்டாரு."

"பின்ன?"

"நிப்பாரு," என்றார் கவின்ராஜ்.

*

ரெஜினாவின் அச்சகம் சாத்தூர் சாலையில் இருந்தது. பொன்கரைச் சோதனையும் அவளிடம்தான், நிரப்பும் இயந்திரமும் அவளிடம்தான். "ஒரு கையில மருந்து, ஒரு கையில விஷம். ரெண்டுமே நல்லா ஓடுது," என்று அவளே சிரித்துச் சொல்லிக்கொள்வாள்.

கவின்ராஜ் கொண்டுவந்த படத்தைத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"கிட்ட நின்னு பாக்குற படத்துக்கு அங்குலத்துக்கு நூத்தம்பது புள்ளியாவது வேணும் ஐயா. இல்லன்னா கட்டம் கட்டமா உடைஞ்சு தெரியும். ஆளுயரம்னா உயரத்துல மட்டும் பத்தாயிரத்துக்கு மேல போகுது கணக்கு. இதுல இருக்கிறது ஆயிரத்து ஐந்நூறு. அதுவும் பாதி இருட்டு."

"ரோட்டோரம் பனைமர உயரத்துக்குப் போர்டு வைக்கிறாங்களே, அதுக்கெல்லாம் எங்கருந்து புள்ளி வருது?"

"அதை நீங்க பஸ்ல போறப்பப் பாக்குறீங்க. தூரத்துல இருந்து பாத்தா பத்துப் புள்ளியும் சேர்ந்து ஒண்ணாத் தெரியும், கண்ணு ஏமாந்துக்கும். போர்டுல இருக்கிறவரு கால்ல போயி யாரும் விழுறதில்லையே. நீங்க விழுறீங்க. நெத்தியை ஒட்டிப் பாக்குறீங்க. அதான் வம்பு."

"நிரப்பிக் குடு."

ரெஜினாவின் சிரிப்பு நின்றது. "பொன்கரை கிடைக்காது."

"கரையை எவன் பாக்குறான்? ஆளைத்தான் பாப்பான். பெரியப்பா படத்துக்கு ஒரு மயிரிழை குறையக் கூடாது. அதே மாதிரி இருக்கணும்."

"அதே மாதிரியா?"

"அதே மாதிரி."

அவள் எழுந்து பின்கட்டுக் கதவைத் திறந்து காட்டினாள். நீண்ட கூடம். அதில் சட்டமிட்ட படங்கள் வரிசை வரிசையாகச் சுவரைப் பார்த்தபடி சாத்தி வைக்கப்பட்டிருந்தன. முதுகுப் பலகை மட்டும்தான் தெரிந்தது.

"இவங்க எல்லாம் யாரு?"

"நிரப்பின முன்னோர்கள். கொண்டுபோய் மாட்டுவாங்க, மாலை போடுவாங்க. அப்புறம் ஒருநாள் இது அவரு இல்லன்னு தோணிரும். கும்பிட்ட முகத்தைக் கிழிக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. ராவோட ராவா இங்க கொண்டாந்து வச்சுட்டுப் போயிருவாங்க. யாரு மூஞ்சியும் எனக்குத் தெரிய வேணாம்னுதான் திருப்பி வச்சிருக்கேன்."

கவின்ராஜ் ஒரு கணம் அந்த முதுகுகளைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் மீசை நினைவுக்கு வந்தது.

"எங்க அப்பா இங்க வர மாட்டாரு. நிரப்பு," என்றார்.

*

இளவேனிலின் நிச்சயதார்த்தத்தன்று காலை படம் வந்து கூடத்துச் சுவரில் ஏறியது. திரையை விலக்கியதும் கவின்ராஜ் ஓரடி பின்வாங்கினார். அப்பா நின்றார். ஆளுயரம். மீசையில் முடி முடியாகத் தெரிந்தது. வேட்டி மடிப்பில் வெயில் படிந்திருந்தது. நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கைகளாலும் ஒரு கருப்புத் தோல் பையைப் பிடித்திருந்தார். பழைய படத்தில் வெறும் கருமையாக இருந்த இடம் அது. கவின்ராஜ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். அவரைப் பெற்ற தாய்கூட அவர் அப்படி விழுந்து பார்த்ததில்லை.

எழுந்தபோது சுவேதா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஏங்க... பெரிய மாமா சாயல் அடிக்குதே?"

"அண்ணன் தம்பிக்குச் சாயல் இருக்காதா? போய் வேலையைப் பாரு."

உறவுக்காரர்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், கவின்ராஜைப் பார்த்தார்கள், பிறகு காப்பி டம்ளரைப் பார்த்தார்கள். கடைசியாகப் பெரியப்பா மகன் ஹரிஷ்குமார் வந்தார். கவின்ராஜைவிட நாலைந்து வயது மூத்தவர், முழங்கால் வலிக்காரர். வாசலைத் தாண்டியதும் படத்தைப் பார்த்து அப்படியே நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வலிக்கிற காலை மடக்கி, கஷ்டப்பட்டுக் குனிந்து, படத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தம்பி," என்றார். "எங்க அப்பா படத்தை உன் வீட்டு நடுக்கூடத்துல மாட்டியிருக்கியே. நான்கூட உன்னை என்னமோ நெனைச்சிருந்தேன். பெரிய மனசுப்பா உனக்கு."

எங்கோ மூலையில் ஒரு இளவட்டம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமியது.

"அது எங்க அப்பா," என்றார் கவின்ராஜ்.

ஹரிஷ்குமார் படத்தை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தம்பியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. அவமானம் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

கவின்ராஜும் அப்போதுதான் படத்தை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். மீசை பெரியப்பாவுடையது. காது மடல் பெரியப்பாவுடையது, மண்டபத்தில் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு ஆராய்ந்த அதே மடல். அதே மாதிரி வேண்டும் என்று அவர் கேட்டார். இயந்திரம் அதே மாதிரி செய்துவிட்டது. சங்கம் சேர்த்து வைத்திருந்த முன்னோர் படங்களில் ரவீந்திரனுக்கு நெருங்கிய ரத்தம் எது என்று தேடி, அங்கிருந்த ஆளுயரப் படத்திலிருந்து அள்ளி அள்ளிப் போட்டிருந்தது.

பிறகு கையைப் பார்த்தார். பையைப் பிடித்திருந்த இடது கையில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

அப்பாவுக்கு நடுவிரல் பாதிதான். காகிதம் வெட்டும் இயந்திரம் வாங்கிக்கொண்டது. அப்பாவைப் பற்றி கவின்ராஜுக்கு நிஜமாகவே ஞாபகம் இருந்தது அது ஒன்றுதான்: கன்னத்தைப் பிடித்துத் தூக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் மொழுக்கென்று அழுத்தும் பாதி விரல். அவர் விழுந்து கும்பிட்ட ஆளுக்கு அந்தப் பாதி விரல் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். கவின்ராஜ் குரலை உயர்த்தினார்.

"என்னத்தை எல்லாரும் மூஞ்சியை மூஞ்சியைப் பாக்குறீங்க? என்னோடது நிரப்பினது, ஒத்துக்கிறேன். அவங்க படம் மட்டும் என்ன யோக்கியம்? அறுவது வருஷத்துக்கு முந்தின படத்துல வேட்டி நூல் தெரியுமா?"

"டேய், அதுல பொன்கரை இருக்குடா."

"கரை ஒட்டுறது பெரிய வித்தையா அண்ணே? என் முன்னாடி சோதிச்சுக் காட்டுங்க. மெய்யான படம்னா, இளவேனில் கல்யாணத்துல உங்க அப்பா மட்டும் நிக்கட்டும். எங்க அப்பா படமே வேண்டாம்."

சொன்ன பிறகுதான், எதைப் பணயம் வைத்தோம் என்று அவருக்கு உறைத்தது. சுவேதா சமையலறை வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

*

மறுநாள் ஹரிஷ்குமார் வீட்டில் ரெஜினா சோதனைப் பெட்டியைத் திறந்தாள். உள்ளங்கை அளவு லென்ஸைப் படத்தின் மேல் நகர்த்த, அதில் தெரிவது எதிர்ச் சுவரில் பெரிதாக விழுந்தது.

"மெய்யான புள்ளியில கொஞ்சம் அழுக்கு இருக்கும். கேமராவோட சொந்த இரைச்சல் அது. நிரப்பின புள்ளி குளிச்சு முடிச்ச மாதிரி சுத்தமா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே பாதத்திலிருந்து மேலே போனாள். வேட்டி, கை, கழுத்து. "எல்லாம் மெய்தான் ஐயா. இதோ கண்ணாடிக்கு வந்துட்டேன். நிரப்புற மெஷினு மூக்குக் கண்ணாடின்னா எப்பவும் ஒரு ஜன்னல் வெளிச்சத்தைப் போட்டுட்டுப் போயிரும். சோம்பேறி. இதுல..."

அவள் கை நின்றது.

சுவரில், மூக்குக் கண்ணாடியின் வளைவுக்குள், மொட்டைமாடி தெரிந்தது. வானம் தெரிந்தது. நடுவில், பெருவிரல் நுனி அளவுக்கு, ஒரு ஆள் நின்றார். விறைப்பாக, முதுகு ஒரு அங்குலம்கூட வளையாமல் நின்றார். முகம் தெரியவில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு கையில் பெரிய கேமரா.

"சென்னைக்காரரு," என்றார் ஹரிஷ்குமார்.

"கொஞ்சம் பெரிசாக்கும்மா," என்றார் கவின்ராஜ். சுவரருகே போய் விரலை நீட்டினார். "அந்தக் கையை."

"இதுக்கு மேல போனா கட்டம் கட்டமா உடையும்."

"உடையட்டும்."

லென்ஸைத் தாங்கியிருந்த கை சுவரில் பரந்தது. வெறும் சதுரங்கள். ரெஜினா விரலை வைத்து எண்ணினாள். "ஒவ்வொரு விரலுக்கும் ஏழெட்டுப் புள்ளி வருது. இந்த நடுவிரலுக்கு மட்டும் மூணுதான்."

கவின்ராஜ் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டது அவருக்கே தெரியாது.

ரெஜினா சாண் படத்தை எடுத்துச் சுவரில் பக்கத்தில் போட்டாள். "கண்ணாடிக்குள்ள நிக்கிறவருக்கும் இவருக்கும் ஒரே சட்டை ஐயா. ஒரே மாடி, பின்னால அதே தண்ணித் தொட்டி. உங்க பெரியப்பா சூரியனைப் பாத்து நிக்கிறார். உங்க அப்பா முதுகைக் காட்டி நிக்கிறார். ரெண்டு பேரும் இடம் மாறவே இல்ல. நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு இவரு அவரை எடுத்திருக்காரு, அவரு இவரை எடுத்திருக்காரு. மெஷினு பைன்னு நெனைச்சுப் போட்ட அந்தக் கருப்பு, பை இல்ல. கேமரா. கையில கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்."

ஹரிஷ்குமார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க அப்பா சொல்லுவாரு," என்றார். "ரவி ஒரு கேமரா வச்சிருந்தான், புள்ளை மாதிரி, ஒருத்தன் கையிலயும் குடுக்க மாட்டான்னு. 'குடுடா, உன்னை ஒண்ணு எடுக்குறேன்'னு கேட்டா, 'உனக்கு எடுக்கத் தெரியாதுண்ணே, லென்ஸுல விரல் படும்'பானாம். வெயில் பக்கம் திரும்பி நில்லுன்னாலும் நிக்க மாட்டானாம். எனக்கு நீ என்ன சொல்லுறதும்பானாம். நான் அது வேற ஏதோ கேமரான்னு நெனைச்சேன்டா."

அம்மா சொன்ன கதை கவின்ராஜின் உள்ளே எங்கேயோ ஒரு பக்கமாகச் சரிந்தது. கேமராவைப் பெரியப்பா பிடுங்கவில்லை. கேட்டிருக்கிறார். கொடுக்காததால், இருந்த போனை எடுத்திருக்கிறார். அப்பாவைச் சாண் ஆக்கியது அப்பாவே.

"இத்தனை வருஷமா எனக்கும் ஒரு பொறாமை உண்டுடா கவினு," என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே. "எங்க அப்பா என்னைப் பாத்து இப்படி ஒரு தடவை சிரிச்சதில்ல. எங்க யாரைப் பாத்தும் சிரிச்சதில்ல. யாருக்கான சிரிப்பு இதுன்னு தினமும் பாத்துக்கிட்டே இருப்பேன். சென்னையில இருந்து வந்த எவனோ ஒருத்தனைப் பாத்துச் சிரிச்சிருக்காரேன்னு வயிறு எரியும். கடைசியில..."

சுவரில் விழுந்திருந்த அந்தச் சின்ன ஆளை நோக்கிக் கையை நீட்டினார்.

கவின்ராஜ் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "படம் மெய்தான் அண்ணே. நான் சொன்ன சொல்லு சொல்லுதான். கல்யாணத்துல பெரியப்பா மட்டும் நிப்பாரு," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். கண்ணாடிக்குள் நின்ற ஆள் நடந்தால் அப்படித்தான் நடந்திருப்பார் என்று ரெஜினாவுக்குத் தோன்றியது.

*

கூடத்துப் படத்தை அன்றே இறக்கினார்கள். மற்றவர்களைப் போல் இருட்டும்வரை காத்திருக்காமல், நட்ட நடுப்பகலில், தெருவே பார்க்க, கவின்ராஜ் தானே ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினார். ரெஜினாவின் பின்கட்டில் தானே அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். திருப்பும் முன் அந்த முகத்தைப் பார்த்து ஒருமுறை கை கூப்பினார். யாராக இருந்தாலும், தான் விழுந்து கும்பிட்டவர்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் பெரியப்பா ஆளுயரம் நின்றார். பக்கத்தில் ஒன்றும் இருக்காது என்று எண்ணி வந்த கவின்ராஜ் சற்றே நின்றார். அங்கே சாண் படம் தொங்கியது. பொன்கரை துடைத்துப் பளபளத்தது. புது மாலை போட்டிருந்தது.

"நீ சொன்ன சொல்லு உனக்கு," என்றார் ஹரிஷ்குமார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "எங்க சித்தப்பா படத்தை மாட்டக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?"

இளவேனிலும் மாப்பிள்ளையும் பெரியப்பாவின் காலில் விழுந்தார்கள். பிறகு சாண் படத்துக்கு வந்து ஒரு விரலால் தொட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்துக் கேட்டார், "இவரு படம் மட்டும் ஏங்க இத்தனை சின்னது?"

சுவேதா பதறிக் கணவரைப் பார்த்தாள். கவின்ராஜ் முதுகை இன்னும் ஒரு பிடி நிமிர்த்தினார்.

"அவரு கேமராக்காரரு," என்றார். "பெரிய படம் அவரு எடுத்தது."

பெரியவர் "அப்படியா!" என்று ஆளுயரப் படத்தைப் புது மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார். அந்த ஒரு 'அப்படியா' கவின்ராஜின் நெஞ்சில் கொஞ்ச நேரம் இனித்தது. ஹரிஷ்குமாரின் முகம் சுருங்கியதையும் அவர் கவனிக்காமல் இல்லை.

பந்தி தொடங்கியது. கவின்ராஜ் வாசல் பக்கம் வந்தார். பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் வேறொருவர் ஏற்கெனவே நின்றிருந்தார். மூக்கு இடிக்கும் தூரத்தில், வலிக்கிற காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, ஒரு கண்ணை இடுக்கி, மூக்குக் கண்ணாடியின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார் ஹரிஷ்குமார். தன் அப்பா யாரைப் பார்த்து அப்படிச் சிரித்தார் என்பதை அவர் இன்னும் பொறுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவின்ராஜ் பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. எங்க அப்பாவைப் பாக்கணும்."